சரிபார்த்தவர்

எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அவரைக் கொடியண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். சேனல் தொடங்கிய முதல் வருஷமே ஒட்டிக்கொண்ட பெயர். ஒரு கார்ட்டூனில் இரண்டு முயல்கள் கடற்கரையில் மணல்கோட்டை கட்டும். கோட்டை உச்சியில் ஒரு குச்சி, குச்சியில் ஒரு துண்டுத் துணி. அந்தத் துணியின் நிறங்களைப் பார்த்துவிட்டு, "இது பக்கத்து நாட்டுக்கு ஆகாத கொடி மாதிரி இருக்கு" என்று படத்தை நிறுத்தினார். மேலாளர் சிரித்தார். இவர் சிரிக்காமல் அந்த மூலையை மட்டும் பெரிதாக்கிக் காட்டினார். மேலாளரின் சிரிப்பு பாதியில் நின்றது. அன்றிலிருந்து கொடியண்ணன்.

நான் ஒலிப்பிரிவில் இருந்தேன். அவர் வெட்டித் தருகிற படத்தில், வெட்டு காதுக்குத் தெரியாதபடி சத்தத்தை இழுத்து ஒட்டுவது என் வேலை. பதினான்கு வருஷம் அடுத்தடுத்த அறை. அதனால் இதில் பாதி நான் பார்த்தது, பாதி அவர் சொன்னது.

எங்களுடையது குழந்தைகளுக்கான கார்ட்டூன் சேனல். ஒரே இடத்திலிருந்து அனுப்புவோம். அக்கம்பக்கத்து நாடுகள் நான்கில் தெரியும். சேனல் போய்ச் சேர்ந்த வரிசைப்படி ஒண்ணாம் நாடு, ரெண்டாம் நாடு என்றே எங்களுக்குள் பேசிக்கொள்வோம். நான்குக்கும் போவது ஒரே படம். ஆகவே ஒரு நாட்டில் ஆகாதது நான்கிலும் ஆகாது. ஒண்ணாம் நாட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னால் பேய் வரக் கூடாது. ரெண்டாம் நாட்டில் பெரியவர் யார் கையிலும் பாட்டில் இருக்கக் கூடாது, இருமல் மருந்தாக இருந்தாலும். மூணாம் நாட்டுக்குக் கொடி, வரைபடம், சீருடை மூன்றும் ஒவ்வாது. நாலாம் நாட்டில் முத்தம் கிடையாது. தாய் பிள்ளையின் நெற்றியில் கொடுக்கலாம், அதையும் இரண்டு விநாடிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். எல்லாப் பட்டியலையும் சேர்த்துத் தைத்தால் நாற்பத்தோரு பக்கம். கொடியண்ணன் அதைத் தலைகீழாக ஒப்பிப்பார்.

ஒரு கரடிக் குடும்பக் கதை ஓடியது. அதில் அப்பா கரடிக்குக் காவல்காரர் வேலை. சீருடையில் வருகிறார் என்று அவரை முழுக்க வெட்ட வேண்டியதாயிற்று. ஐந்து மாதம் அந்த வீட்டில் அப்பாவே இல்லை. கடைசி வாரம் லீவு நாளில் சாதாரணச் சட்டை போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தார். "யாருப்பா இந்தப் புது ஆளு?" என்று என் மகளே கேட்டாள்.

தினமும் எட்டு மணி நேரம் கார்ட்டூன் பார்க்கிற வேலை என்று சொன்னால் கேட்கிறவர்களுக்குப் பொறாமை வரும். அவர் முகத்தைப் பார்த்தால் அந்தப் பொறாமை போய்விடும். சத்தத்தை அணைத்துவிட்டு, இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்ப்பார். கதை எதுவும் அவருக்குத் தெரியாது. "நடுவுல இருக்கிறதை எடுத்தவனே பார்த்திருப்பான். தப்பெல்லாம் ஓரத்துலதான் இருக்கும்" என்பார். மற்றவர்கள் படம் பார்த்தால் கண் நடுவில் நிற்கும். அவர் கண் நான்கு மூலையையும் சுற்றிச் சுற்றி வரும். இருக்கையில் முதுகுக்கு ஒரு சின்னத் தலையணை, மேசையில் கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்து, அதற்குப் பக்கத்தில் ஆறிப்போன டீ. வேறு சொத்து அந்த அறையில் இல்லை.

வீட்டில் அவரும் மனைவியும்தான். மகள் வேறு ஊரில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். மனைவிக்கு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற கவுன்டரில் வேலை, நாள் முழுக்க நின்றபடி. சாயங்காலம் அந்த அம்மா ஒரு பிளாஸ்டிக் வாளியில் வெந்நீர் ஊற்றிக் காலை வைத்துக்கொள்வார். இவர் எதிரே நாற்காலியில் ஈரத்துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டு சாய்ந்திருப்பார். "ஒருத்தருக்குக் கால் இல்லை, ஒருத்தருக்குக் கண் இல்லை. ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு முழு ஆள் தேறும்" என்று மனைவி சொல்வாராம். அந்த வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி உண்டு. போடுவதில்லை.

வெட்டுகிற வேலையோடு இன்னொரு வேலையும் அவர் தலையில் விழுந்திருந்தது. தினமும் காலையில் பிறந்தநாள் வாழ்த்து என்று பத்து நிமிஷம் ஓடும். நான்கு நாட்டிலிருந்தும் பெற்றோர் பிள்ளையின் படத்தை அனுப்புவார்கள். மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரை. ஒரு படத்துக்கு ஐந்து விநாடி, கூடவே பெயரை ஒரு பெண் குரல் வாசிக்கும். அந்தப் படங்களையும் இவர்தான் சரிபார்க்க வேண்டும். கொடி இருக்கக் கூடாது, கம்பெனி பெயர் இருக்கக் கூடாது, போட்டிச் சேனலின் பொம்மை இருக்கக் கூடாது, குழந்தையைத் தவிர வேறு ஆள் இருக்கக் கூடாது. ஒரு நாளைக்கு எண்பது படம். பத்து விநாடியில் ஒரு படத்தை முடித்துவிடுவார். சரி என்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. சிவப்பை அழுத்தினால் காரணத்துக்கு ஒரு பட்டியல் விரியும்; அதில் ஒன்றைத் தொட்டால் போதும், பதில் தானாகப் போய்விடும். யாருக்குப் போகிறது, எப்படிப் போகிறது என்று அவர் பார்த்ததில்லை. விண்ணப்பங்கள் பெயர் வாசிக்கிற பெண்ணிடம்தான் இருக்கும். இவருக்கு வருவது வெறும் படம்.

அவருக்கு ஒரு தங்கை உண்டு என்பதே எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். அப்பா இறந்தபோது இவருக்கு இருபத்தொன்று, அந்தப் பெண்ணுக்கு ஒன்பது. அம்மா தையல்வேலைக்குப் போக, இவர் ஒரு கேசட் கடையில் சேர்ந்தார். தங்கையின் ஸ்கூல் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டது, காய்ச்சல் என்றால் தூக்கிக்கொண்டு ஓடியது, சைக்கிள் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியது எல்லாம் இவர்தான். அந்தப் பெண் படித்து, ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே இயந்திரம் பழுதுபார்க்க வந்த ஒருவரைப் பிடித்துப்போயிற்று. அவர் நாலாம் நாட்டுக்காரர். கல்யாணமும் அங்கேதான் என்று முடிவாயிற்று.

அந்த மாதம்தான் நாலாம் நாட்டுக்கு எங்கள் சேனல் போய்ச் சேர்ந்த மாதம். புதுப் பட்டியல் வந்ததால் பழைய முந்நூறு பாகங்களையும் மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும். லீவு கிடைக்கவில்லை. உண்மையிலேயே கிடைக்கவில்லை, நான் சாட்சி. ஆனால் மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னபோது இவர் "அவ்வளவு தூரமா" என்று ஒரு வார்த்தை மட்டும் சொல்லியிருந்தார். அதுவும் லீவு இல்லை என்பதும் சேர்ந்து வேறு அர்த்தமாகிவிட்டது. அம்மாவும் மனைவியும் போய்விட்டு வந்தார்கள். தங்கை போனில் பேசுவாள், ஆனால் அம்மாவைக் கொடு, அண்ணியைக் கொடு என்பதோடு சரி.

நான்கு வருஷம் கழித்து அம்மா படுத்தார். ஒன்பது நாள்தான். இறந்த செய்தியை இவர்தான் தங்கைக்குச் சொன்னார். அவளுக்கு அப்போது எட்டு மாதம். "நான் கிளம்பறேன் அண்ணா" என்றாள். மூன்று நாள் கண் மூடாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்த மனுஷன், "நீ வந்து என்ன ஆகப் போகுது? இங்க எல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். பதினோரு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கி வர வேண்டாம் என்பதுதான் அவர் மனதில் இருந்தது. வாயில் வந்தது வேறு. "சரி" என்றாள். வைத்துவிட்டாள்.

அடுத்த மாதம் மனைவியின் போனுக்குப் பெண் குழந்தை என்று ஒரு வரி வந்தது. அதோடு சரி. கொஞ்ச நாளில் அந்த எண்ணும் மாறிவிட்டது.

"புது நம்பரை யார்கிட்டயாவது கேட்டு ஒரு போன் பண்ணுங்க" என்று மனைவி சொல்வார்.

"பண்ணலாம்" என்பார் இவர்.

இந்தப் 'பண்ணலாம்' ஆறு வருஷம் ஓடியது. அவர் கோபக்காரர் இல்லை. கோபப்படக்கூடக் கொஞ்சம் தெம்பு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பண்ணலாம் என்று நினைப்பார். ஞாயிற்றுக்கிழமை தூங்கிவிடுவார். எழுந்தால் திங்கட்கிழமை.

இப்படி இருக்கும்போது பெயர் வாசிக்கிற பெண் பிரசவ லீவில் போனாள். குரலுக்குத் தற்காலிகமாக ஒருத்தி வந்தாள். விண்ணப்பங்களைப் பார்க்க ஆள் இல்லை. "மூணு மாசம்தானே, நீங்களே பார்த்துக்குங்க" என்றார் மேலாளர். கொடியண்ணன் வழக்கம்போலத் தலையாட்டினார்.

இரண்டாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை. மதியச் சாப்பாட்டுக்கு நான் கூப்பிடப் போனால், கணினித் திரையை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொட்டு மருந்தின் மூடி திறந்தபடி கிடந்தது.

விண்ணப்பத்தில் குழந்தையின் பெயர் என்ற இடத்தில் அவருடைய அம்மாவின் பெயர் இருந்தது. பழைய பெயர், இந்தக் காலத்தில் யாரும் பிள்ளைக்கு வைக்கத் துணியாத பெயர். வயது ஆறு. நாலாம் நாடு. அனுப்பியவர், தாய். அந்த இடத்தில் தங்கையின் பெயர்.

படத்தைப் பார்த்தேன். வெள்ளைச் சுவர். அதன் முன்னால் ஒரு சின்னப் பெண், பூவோ கோடோ இல்லாத மஞ்சள் கவுனில். கேக் இல்லை, பலூன் இல்லை, கையில் பொம்மை இல்லை, தலையில் ஒரு கிளிப்கூட இல்லை. பாஸ்போர்ட்டுக்கு எடுத்த மாதிரி இருந்தது. பிள்ளை சிரிக்கவும் இல்லை. அசையாதே என்று யாரோ சொல்லி வைத்த மாதிரி நின்றிருந்தது.

கீழே ஒரு வரி: முந்தைய விண்ணப்பங்கள், மூன்று. அதை அவர் ஏற்கெனவே திறந்து வைத்திருந்தார்.

மூன்று வயதுப் படத்தில் குழந்தைக்குப் பின்னால் ஏதோ கம்பெனியின் காலண்டர் தொங்கியது. நிராகரிப்பு. நான்கு வயதுப் படத்தில் சட்டையில் போட்டிச் சேனலின் பூனை இருந்தது. நிராகரிப்பு. ஐந்து வயதுப் படத்தில் குழந்தை கேக் வெட்டுகிறது. வலது ஓரத்தில் ஒரு பெண் குனிந்து, குழந்தையின் தோளில் கை வைத்துக்கொண்டு, நேராகக் கேமராவைப் பார்க்கிறாள். காரணம்: குழந்தை அல்லாத நபர். நிராகரிப்பு.

"என் தங்கச்சி அது" என்றார் கொடியண்ணன். "ஓரத்துல நின்னிருக்கா. நான் ஓரத்தைத்தானே பார்க்கிறேன். பார்த்திருக்கேன். ஆளு இருக்குன்னு பார்த்திருக்கேன். யாருன்னு பார்க்கலை."

நான் எதையாவது சொல்ல வேண்டுமே என்று, "அண்ணே, அவங்களுக்கு நீங்கதான் வேண்டாம்னு சொன்னீங்கன்னு எப்படித் தெரியும்? சேனல்லேர்ந்து பொதுவா ஒரு பதில் போகும், அவ்வளவுதானே" என்றேன்.

அவர் இன்னொரு பொத்தானை அழுத்தினார். போன பதில் திரையில் வந்தது. உங்கள் படம் எங்கள் விதிமுறைகளுக்குப் பொருந்தவில்லை, வருந்துகிறோம். காரணம் இன்னது. அதற்குக் கீழே கடைசி வரியில், சரிபார்த்தவர் என்று போட்டு, அவருடைய முழுப்பெயர்.

கம்ப்யூட்டர் பிரிவுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டோம். "ஆமா, அஞ்சு வருஷமா பேரோடதானே போகுது" என்றார் அவர். "பொறுப்பு யாரோடதுன்னு தெரியணும்னு மேல கேட்டாங்க. உங்களுக்குச் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை.

விண்ணப்பத்தில் போன் நம்பர் இருந்தது. விண்ணப்பத்தில் இருக்கிற நம்பரைச் சொந்த உபயோகத்துக்கு எடுக்கக் கூடாது என்று விதி. அவர் அதைச் சொன்னார். "அண்ணே, அது உங்க தங்கச்சி" என்றேன். டீக்கடை ரசீதின் பின்பக்கம் நம்பரை எழுதிக்கொண்டு எழுந்தார். லிஃப்ட் பழுதான பிறகு யாரும் அதிகம் வராத பின்பக்கப் படிக்கட்டு ஒன்று உண்டு. அங்கே போய் உட்கார்ந்தார். கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். அந்தப் பக்கத்துப் பேச்சை அவர் பிறகு சொன்னார்.

"நான்தான்" என்றார்.

அங்கே ஒரு குக்கர் சத்தம் கேட்டது. பிறகு அது அடங்கியது. "சொல்லுங்க" என்றாள் தங்கை. சைக்கிள் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வளர்த்த பிள்ளை அவரிடம் பன்மையில் பேசியது அதுதான் முதல் தடவை.

"படம் வந்திருக்கு."

"தெரியும். இந்தத் தடவை என்ன குறை? சுவர்ல இருந்த ஆணியைக்கூடப் பிடுங்கிட்டுத்தான் எடுத்தேன்."

"குறை ஒண்ணும் இல்லை."

"அப்ப எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"முன்னாடி மூணு தடவையும்..."

"அதுவும் தெரியும். பேரோடதானே பதில் வந்தது. முதல் வருஷம் காலண்டர்னு வந்தது. சரி, அவங்க விதி, நாமதான் பார்த்து எடுத்திருக்கணும்னு நினைச்சேன். அடுத்த வருஷம் சட்டைன்னு வந்தது. அப்பதான் சந்தேகம் வந்தது. மூணாவது வருஷம் நானே படத்துல நின்னேன். என் மூஞ்சியைப் பார்த்தாலாவது மனசு இளகும்னு நின்னேன். 'குழந்தை அல்லாத நபர்'னு எழுதி அனுப்பினீங்க."

கொடியண்ணன் சுவரில் சாய்ந்தார். "நான் பார்க்கலைம்மா" என்றார்.

"எதைப் பார்க்கலை?"

"மூஞ்சியை. யார் மூஞ்சியையும் நான் பார்க்கிறதில்லை. எண்பது படம் வருது ஒரு நாளைக்கு. பின்னாடி என்ன இருக்குன்னு மட்டும்தான் பார்ப்பேன். உன் படம்னு எனக்குத் தெரியவே தெரியாது."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாராம்.

"பார்த்துட்டுத்தான் வேண்டாம்னு சொன்னதா மூணு வருஷமா நினைச்சுட்டிருந்தேன்" என்றாள் தங்கை. "நீ பார்க்கவே இல்லையா?"

"இல்லை."

"அது இன்னும் மோசம்."

மரியாதை போய் 'நீ' வந்துவிட்டது. கோபம் வந்தால்தான் அவளுக்குப் பழைய வாய் வரும். "அம்மாவுக்கு நான் வர்றேன்னு சொன்னப்ப, வந்து என்ன ஆகப் போகுதுன்னு கேட்டே. அந்த வார்த்தையை வெச்சுக்கிட்டுத்தான் நான் பிரசவத்துக்கே போனேன்."

"எட்டு மாசத்துல பஸ்ல வர வேண்டாம்னுதான் சொன்னேன்."

"அப்படிச் சொல்ல வேண்டியதுதானே?"

"மூணு நாள் தூங்கலை நான். வாயில என்ன வந்ததுன்னே தெரியலை."

"சரி. அதுக்கப்புறம் ஆறு வருஷம் தூங்கினியா?"

இல்லை என்றும் சொல்ல முடியாது, ஆமாம் என்றும் சொல்ல முடியாது. படிக்கட்டின் இரும்புக் கைப்பிடியில் பெயின்ட் உரிந்திருந்த இடத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

"பிள்ளை ஸ்கூல் விட்டு வர்ற நேரம். வைக்கிறேன்" என்றாள். வைக்கவில்லை. "படம் வருமா, வராதா?"

"வரும். வியாழக்கிழமை."

"எத்தனை மணிக்கு? உங்க மணி சொல்லாதே, எங்க மணி சொல்லு."

"உங்க மணி ஏழே கால்."

"சரி" என்றாள். இந்த முறை வைத்துவிட்டாள்.

கதவைத் திறந்துகொண்டு வந்தவர் சாப்பிட வரவில்லை. நேராகப் போய் உட்கார்ந்து மீதிப் படங்களைப் பார்த்தார். அன்றைக்கு முயல் கார்ட்டூனில் மூன்று பாகங்களும் முடித்துக் கொடுத்தார். அவற்றில் ஒன்றில் பேய் ஒன்று தப்பி, பகல் பதினோரு மணிக்கு நான்கு நாட்டிலும் உலவி வந்தது. ஒண்ணாம் நாட்டிலிருந்து கடிதம் வந்தது. அவர் பெயரில் வந்த முதல் புகார்.

புதன்கிழமை பெயர் பதிவு. தற்காலிகமாக வந்த பெண் நல்ல பெண்தான், ஆனால் அந்தப் பழைய பெயர் அவள் வாயில் நிற்கவில்லை. நடுவில் நீட்ட வேண்டிய எழுத்தைக் குறுக்கிவிட்டு, கடைசியில் நீட்டினாள். நான் கவனிக்கவே இல்லை. கண்ணாடிக்கு வெளியே கொடியண்ணன் நின்றிருந்தார். உள்ளே வந்து, "இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லேன்" என்றார். வாசித்தாள். "இல்லை" என்றார். இன்னொரு தடவை. ஐந்தாவது முறையில்தான் தலையாட்டினார். பதினான்கு வருஷத்தில் சத்தத்தைப் பற்றி அவர் வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான். அம்மா பெயரை அப்படி யாரும் கூப்பிட்டுக் கேட்டு ஆறு வருஷம் ஆயிற்று என்று பிறகு டீ குடிக்கும்போது சொன்னார்.

வியாழக்கிழமை அவருக்கு ஒன்பது மணிக்குத்தான் வேலை. ஆறரைக்கே வந்து, ஒளிபரப்பு அறையில் ஓரமாக நின்றார். ஐந்து விநாடி. வெள்ளைச் சுவர், மஞ்சள் கவுன், பெயர். அடுத்த குழந்தை வந்துவிட்டது. "உட்காருங்க அண்ணே" என்று அங்கே இருந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

தங்கையிடமிருந்து அன்று ஒன்றும் வரவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாவது வாரம் மனைவியின் போனுக்கு ஒரு சின்ன வீடியோ வந்தது. டிவி முன்னால் நிற்கிற ஒரு குழந்தையின் முதுகு. டிவியில் அதே குழந்தையின் முகம். குழந்தை குதிக்கவில்லை, கத்தவில்லை, திரும்பி, "முடிஞ்சு போச்சா?" என்று மட்டும் கேட்டது. அதன் கீழே, 'அண்ணாகிட்ட காட்டுங்க அண்ணி' என்று எழுதியிருந்தது.

அதற்குப் பிறகு கொடியண்ணன் பிறந்தநாள் படங்களை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தார். முதலில் முகம், பிறகு ஓரம். பார்க்கப் பார்க்க நேரம் ஓடியது. ஒரு பிள்ளைக்கு முன்பல் விழுந்திருக்கிறது, ஒரு பிள்ளை அழுது முடித்த கையோடு படம் எடுத்திருக்கிறார்கள், ஒன்று பக்கத்தில் யாரையோ முறைக்கிறது. எண்பது நாற்பதாயிற்று. பத்தாவது நாள் மேலாளர் வந்து, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். பதினோராவது நாளிலிருந்து பழையபடி எண்பது. "முடியலைப்பா. முகத்தைப் பார்த்தா ஓரம் தெரிய மாட்டேங்குது" என்றார் என்னிடம். பதிலில் பெயர் போவதை மட்டும் நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தார். நான்கு நாட்டு அலுவலகமும் ஒப்புக்கொள்ள ஐந்து மாதம் பிடித்தது. இப்போது சரிபார்ப்புக் குழு என்று போகிறது. குழு என்றால் அவர்தான்.

வருஷக் கடைசியில் நாலு நாள் லீவு கேட்டார். கேட்ட மாத்திரத்தில் கிடைத்தது. மேலாளருக்கே ஆச்சரியம், இவர் லீவு கேட்டு அவர் பார்த்ததில்லை. போக ஒரு நாள், வர ஒரு நாள், நடுவில் இரண்டு. மனைவியும் அவரும் கிளம்பினார்கள். எல்லையில் பெட்டியைத் திறந்து காட்ட இரண்டு மணி நேரம் நின்றது தவிர வழியில் தொந்தரவு இல்லை.

தங்கை கணவர் பஸ் நிலையத்துக்கு வந்திருந்தார். அதிகம் பேசாத மனிதர்; பெட்டியை வாங்கிக்கொண்டார், அதுவே போதுமானதாக இருந்தது. வீட்டு வாசலில் தங்கை நின்றாள். உடம்பு கொஞ்சம் போட்டிருந்தாள். "வா" என்றாள். "இளைச்சுட்டே" என்றாள். அதற்கு மேல் வாசலில் ஒன்றும் நடக்கவில்லை.

குழந்தைதான் நேராக எதிரே வந்து நின்றது. "அப்பா கரடியை வெட்டினது நீங்களா?"

"யார் சொன்னது?"

"அம்மா."

"ஆமா, நான்தான்."

"எதுக்கு?"

"சீருடை போட்டிருந்தாரு. அது கூடாது."

"கழட்டிட்டு வரச் சொல்லியிருக்கலாமே" என்றது குழந்தை.

நாற்பத்தோரு பக்கத்தில் இதற்கு விடை இல்லை. "எனக்குத் தோணலை" என்றார் மாமா.

வழியெல்லாம் தங்கையிடம் என்னென்ன சொல்வது என்று வரிசையாக யோசித்துக்கொண்டு போயிருக்கிறார். கைகால் கழுவி, டீ குடித்து, கட்டிலில் சும்மா சாய்ந்தவர் அப்படியே தூங்கிவிட்டார். மதியம் சாப்பிட எழுப்பினார்கள், எழவில்லை. சாயங்காலம் எழுந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினார். பதினாறு மணி நேரம். பக்கத்து அறையில் டிவி ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

"இவ்வளவு தூரம் தூங்கவா வந்தார்?" என்று தங்கை அண்ணியிடம் கேட்டாளாம்.

"அங்க படுக்கிறதோட சரி, தூக்கம் கிடையாது. இங்கயாவது தூங்கட்டும் விடு" என்றார் மனைவி.

இரண்டாம் நாள் கடைக்குப் போனார்கள், வந்தார்கள், சாப்பிட்டார்கள். குழந்தை அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கார்ட்டூன் காட்டியது. யார் யாருக்கு என்ன உறவு, யார் நல்லவர், யார் திருடன் என்று சொல்லிக் கொடுத்தது. அவர் வெட்டிய கதைகள்தான். முதல் தடவையாகச் சத்தத்தோடு பார்த்தார். அண்ணனும் தங்கையும் தனியாகப் பேசுகிற நேரம் வரவே இல்லை. வந்தாலும் இரண்டு பேரும் வேறு வேலை தேடிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் காலை பஸ் ஐம்பது நிமிஷம் தாமதம் என்றார்கள். மனைவி குழந்தையைக் கூட்டிக்கொண்டு பிஸ்கெட்டும் தண்ணீரும் வாங்கப் போனார். சிமென்ட் பெஞ்சில் இவர்கள் இரண்டு பேரும் பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மா கடைசியா என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டாள் தங்கை.

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் எதிரே நின்ற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீல நனைச்சு ஒரு பிஸ்கெட். முழுசா இல்லை, பாதி. வெள்ளிக்கிழமை காலைல."

"யார் கொடுத்தது?"

"நான்தான். மீதியை நீ சாப்பிடுன்னாங்க. சாப்பிட்டேன்."

"எந்த ரூம்? ஜன்னல் இருந்ததா?"

சொன்னார். கேட்கக் கேட்கச் சொன்னார். கட்டில் ஜன்னல் பக்கம் இருந்தது. வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி. எதிர்க் கட்டிலில் இருந்த பெண்ணுக்கு எப்போதும் வாயில் பாட்டு. அம்மாவுக்குப் பச்சைப் போர்வை கொடுத்திருந்தார்கள், அதில் ஒரு மூலை கிழிந்திருந்தது. வீட்டில் குழாயை மூடினாயா என்று தினமும் கேட்டார். நகம் வளர்ந்திருக்கிறது என்று சொன்னார், இவர் வெட்டிவிட்டார், இடது கையோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். ஒவ்வொன்றையும் மூலை முடுக்கு விடாமல் சொன்னார். இத்தனையும் தனக்கு ஞாபகம் இருக்கிறது என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்ததாம்.

"என்னைக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. புதன்கிழமை ரெண்டு தடவை. அதுக்கப்புறம் கேட்கலை. யாரையும் கேட்கலை."

அவள் அழவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். "இதையெல்லாம் ஆறு வருஷம் நீயே வெச்சுட்டிருந்தியே" என்றாள். "எனக்கும் அதுல பங்கு இருக்குல்ல."

"இருக்கு" என்றார் அவர். "தப்புதான்."

அந்த ஒரு சொல்லைத்தான் அவர் பதினோரு மணி நேரம் சுமந்துகொண்டு போயிருந்தார். அதை இறக்கி வைத்த நேரத்தில் பஸ் வந்துவிட்டது. கூட்டம் ஏறியது. மனைவி ஓடி வந்து ஜன்னல் பக்கம் இடம் பிடித்தார். குழந்தை கையில் பாதி பிஸ்கெட் பாக்கெட்டோடு கீழே நின்றது. தங்கை பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, படியில் நின்றவரிடம் சொன்னாள்:

"அடுத்த தடவை லீவு கூடப் போட்டுட்டு வா. தூங்கறதுக்குன்னு ஒரு நாளைத் தனியா எடுத்துக்க. அதை எங்க கணக்குல சேர்க்காதே."

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அவர் இருக்கையில் இருந்தார். நாலு நாள் வேலை குவிந்திருந்தது. தலையணையைச் சரிசெய்துகொண்டு, கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு, முதல் படத்தைத் திறந்தார். இதையெல்லாம் எனக்குச் சொல்லி முடிக்க அவருக்கு மூன்று நாள் டீ நேரம் ஆயிற்று. மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்போது தங்கைதான் கூப்பிடுகிறாள். அவர் பாதி நேரம் தூங்கிக்கொண்டிருக்கிறார். மனைவி எழுப்பி, போனைக் காதில் வைக்கிறார்.